துணிக்கொடி மரம்

எழுபதுகளின் கடைசியில், மலேசியாவில் மலைமேல் இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்புக்கு நான்தான் டீச்சர். அந்த வகுப்பிலேயே என் மகளும் இருந்தாள். பள்ளியில் டீச்சர், வீட்டில் அம்மா என்று எங்களுக்குள் ஒப்பந்தம். கோபம் வந்தால் வீட்டிலும் டீச்சர் என்பாள்.

கீழே ஈப்போ டவுனுக்குப் போனால் சிறுவர் அறிவியல் புத்தகம் ஒன்றாவது வாங்காமல் நான் மலையேற மாட்டேன். பிள்ளைகளுக்காக என்று வெளியில் சொல்லிக்கொள்வேன். முதலில் படித்து முடிப்பது நான்தான்.

அப்படி வாங்கிய ஒன்று உயிரினங்களைப் பற்றியது. வெட்டாமல் விட்டால் தேயிலை வீட்டைவிட உயரமான மரமாகும் என்று அதிலிருந்ததை வகுப்பில் வாசித்தேன். வகுப்பே சிரித்தது.

"எழுதினவங்க தோட்டத்துப் பக்கமே வந்ததில்லபோல லா, டீச்சர்," என்றான் ஒருவன்.

எனக்கும் சந்தேகம்தான். நானும் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவள். கவாத்து வெட்டி வெட்டி இடுப்பளவில் நிற்கும் செடியைத் தவிர வேறு தேயிலையைக் கண்டதில்லை.

மகள் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் புத்தகத்தை என் மடியில் போட்டாள்.

"இது பொய்னா திமிங்கிலமும் பொய்தானே, டீச்சர்?"

அதே புத்தகத்தில் இருந்த திமிங்கிலம் என்றால் அவளுக்கு உயிர். அந்தப் பக்கத்தைத் தலைமாட்டில் திறந்து வைத்துக்கொண்டுதான் தூங்குவாள். இந்த ஒரு வரியால் இனி எந்தப் புத்தகத்தையும் தொடமாட்டாளோ என்று எனக்குப் பயம் வந்தது. இல்லை, உண்மைதான் என்று அடித்துச் சொல்ல எனக்குத் தெரிந்தால்தானே?

பிடிவாதக்காரி; படி என்றால் படிக்கமாட்டாள். தேயிலைக்கு அடுத்த பக்கத்தைச் சமையல்கட்டு மேசையில் திறந்து வைத்துவிட்டு, எனக்கென்ன என்று ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் பூனைபோல வந்து நின்றாள். அங்கே தேயிலை விதையின் படம் இருந்தது.

"இது எங்க கோலி," என்றாள். பென்சில் டப்பாவைக் கவிழ்த்தாள். பழுப்பு நிறத்தில் உருண்டையான விதைகள் விழுந்தன, படத்தில் இருந்தவையேதான்.

"எங்கடி பொறுக்கின?"

"துணி காயப்போடுற மரத்துக்குக் கீழதான். எல்லாரும் இதுலதான் வெளையாடுவோம்."

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், பள்ளத்து ஓரமாக நின்ற மரம் அது. வருடக்கணக்காக அதில்தான் கொடி கட்டித் துணி காயப்போட்டோம். என்ன மரம் என்று லயத்தில் யாரும் கேட்டதில்லை. அடுப்பை அணைத்துவிட்டு இருவரும் போனோம். நான் கிளையை வளைத்து ஒரு கொழுந்து கிள்ளினேன். அவள் சரிவில் ஓடி, தேயிலைச் செடி நிரையிலிருந்து ஒன்று கிள்ளி வந்தாள். இரண்டையும் என் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தோம். அதே பல் பல்லான ஓரம், மொட்டின் மேல் அதே வெள்ளை மயிர். புரட்டிப் புரட்டிப் பார்த்ததில் எது மரத்துடையது, எது செடியுடையது என்று எங்களுக்கே தெரியாமல் போயிற்று.

அவள் அண்ணாந்து பார்த்தாள். மரம் லயத்துக் கூரைக்கும் மேலே போயிருந்தது.

"அப்ப திமிங்கிலமும் நெசமாம்மா?"

"கடலுக்குப் போய்ப் பாத்தாதான் தெரியும்."

கீழே கிடந்த விதை ஒன்றைப் பொறுக்கிக்கொண்டாள்.

"சரி, அது வரைக்கும் நம்புறேன்."