நாற்பதில் நின்ற முள்

எங்கள் அப்பாவின் பழைய அம்பாசடர், ஷெட்டில் நின்றபடியே நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். சாவியைக் கழற்றி ஆணியில் மாட்டிய பிறகும் போகும். பூனை அதன் பானெட்டில் குட்டிகளோடு படுத்துத் தூங்கும்போதும் போகும். ஸ்பீடாமீட்டர் முள் நாற்பதில் ஏறி நின்று பல வருஷம் ஆகிவிட்டது. அதைச் சரிபண்ணலாமே என்று சொன்ன எல்லோரையும் அப்பா விரோதியாகத்தான் பார்த்தார். அந்த விரோதிகளில் நானும் ஒருத்தி.

காரணம் அம்மா. அப்பா ஸ்கூட்டர் வைத்திருந்த காலத்தில், மக்காச்சோளம் ஏற்றிப்போன டிராக்டரை முந்துகிறேன் பேர்வழி என்று அம்மாவை யாரோ ஒருவரின் சோளக் காட்டுக்குள் இறக்கிவிட்டார். வளையல் உடைந்ததோடு சரி, வேறு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அம்மா அன்றே தீர்மானித்துவிட்டாள். பிறகு கார் வாங்கியபோது அதை நேராகச் சிறுவாச்சூர் கோயிலுக்கு விடச் சொன்னாள். அங்கே சூடத்தை ஏற்றி, "நாப்பதைத் தாண்ட மாட்டேன்னு அடிச்சு சத்தியம் பண்ணுங்க. அப்பதான் ஏறுவேன்" என்றாள். கார் வாங்கிய சந்தோஷத்தில் இருந்த மனுஷன், எரியும் சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்துவிட்டார். கை சுட்டது அப்புறம்தான் உறைத்திருக்கும்.

அதன்பிறகு அம்மா முன் சீட்டில் உட்கார்ந்து ரோட்டையே பார்த்ததில்லை. முள்ளைத்தான் பார்ப்பாள். அது நாற்பதை நெருங்கினால் தொண்டையைச் செருமுவாள். தொட்டால் கதவுக் கைப்பிடியில் கை வைப்பாள். ஓடுகிற காரிலிருந்து குதிக்கக்கூடியவள்தான், சந்தேகமே வேண்டாம்.

ஓர் ஆயுத பூஜை அன்று, எலுமிச்சம்பழத்தை நசுக்கிக் கிளம்பிய கார், ஊர் எல்லை தாண்டி நாற்பதைத் தொட்டது. முள் அங்கேயே நின்றுவிட்டது. வீட்டுக்கு வந்து என்ஜினை அணைத்தும் இறங்கவில்லை. அம்மா என்னவென்று கேட்டாள். அப்பா அசராமல் ஒரு போடு போட்டார். "ஸ்கூல் வேன்ல மாட்டுறானுங்கள்ல, வேகத்தக் கட்டுப்படுத்துற மிஷின், அது மாதிரி மாட்டிட்டேன். நாப்பதுலயே பூட்டியாச்சு. இனிமே இந்த வண்டி நெனச்சாலும் அதுக்கு மேல போவ முடியாது."

அம்மா அப்படியே நம்பினாள். தெருவில் ஒருத்தி விடாமல் சொல்லிப் பெருமைப்பட்டாள். என் வீட்டுக்காரரிடம்கூட, "மாமாவப் பாத்துக் கத்துக்குங்க மாப்ள" என்றாள்.

எனக்கு மட்டும் அப்பா உண்மையைச் சொன்னார். பெரம்பலூரில் ரயில் கிடையாது என்பதால் நான் ஊருக்கு வந்து திரும்பும்போதெல்லாம் அரியலூர் ஸ்டேஷனுக்கு அவர்தான் கொண்டுபோய் விடுவார். ஒருநாள் ஸ்டேஷன் வாசலில், அம்மா முன் சீட்டிலேயே இருக்க, என் பெட்டியை இறக்கிவைத்துவிட்டு என் காதருகே குனிந்தார்.

"எம்பது, பாப்பா. சில நேரம் தொண்ணூறு."

"என்னப்பா சொல்றீங்க?"

"வண்டி போடுற ஆட்டத்தப் பாத்தா தெரியல? உங்கம்மாவுக்கு நாப்பது. நமக்கு எம்பது."

"அப்புறம் எப்படிப்பா ரயில் போச்சு?"

ஆமாம், அன்றைக்கும் ரயிலை விட்டுவிட்டேன். அதற்கு அவர் சிமென்ட் லாரிகளைக் குறை சொன்னார். எங்களை முந்திப்போன லாரிகளை, பஸ்களை, மூட்டை கட்டிய மொபெட்டுகளை எல்லாம், "பேய் மாதிரி போறானுங்க பாரு, நூறுக்குக் கொறையாது" என்பார். எனக்கு ரயில் போன எரிச்சல். அந்த எரிச்சலில் புத்தி வேலை செய்யவில்லை.

இப்படியே ஓடியிருக்கும். போன வருஷம் காரின் எஃப்.சி., வண்டி ரோட்டில் ஓடலாம் என்று தரும் தகுதிச் சான்று, முடிந்தது. ஆர்.டி.ஓ. ஆபீஸ் வாசலில் இருந்த புரோக்கர் காருக்குள் தலையை விட்டுப் பார்த்து, "மீட்டர் ஓடலன்னா கெடைக்காது சார். வண்டிய காயலான் கடைக்குத்தான் போடணும்" என்று சொல்லிவிட்டான். அப்பா வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. சரிபண்ணாவிட்டால் கார் போய்விடும். சரிபண்ணினால் அம்மா முள்ளைப் பார்ப்பாள். சாமி மேல் அடித்த சத்தியம் பொய் என்று தெரிந்தால் அதற்கப்புறம் அந்தக் காரில் ஏற மாட்டாள். அம்மா ஏறாத காரை வைத்துக்கொண்டு அப்பா என்ன செய்வார்? அவள் பக்கத்தில் இல்லாமல் அவர் டீக்கடைக்குக்கூடக் காரை எடுத்ததில்லை.

லப்பைக்குடிக்காட்டில் ஒரு பாய் இருந்தார். வளைகுடா நாட்டில் வருஷக்கணக்காகக் கார் மீட்டர்களையே பிரித்து மாட்டிவிட்டு ஊர் திரும்பியவர். அப்பா மீட்டரை மட்டும் கழற்றி ஒரு துண்டில் சுற்றினார். லீவுக்கு வந்திருந்த என்னைத் துணைக்கு இழுத்துக்கொண்டு பஸ் ஏறினார். ஜன்னலோர சீட்டில், மடியில் மீட்டர். துண்டு விலகியது. கண்டக்டர் எட்டிப் பார்த்தார். "நாப்பதுன்னு காட்டுது, கரெக்டாத்தான் இருக்கு, டிரைவர் இன்னிக்கு மெதுவாத்தான் ஓட்டுறாரு" என்றார். பஸ்ஸே சிரித்தது. அப்பா மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

பாய் மீட்டர் கண்ணாடியைக் கழற்றினார். முள்ளின் அடியில் ஊசியால் சுரண்டி, விரலில் வைத்து முகர்ந்து பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

"மாஷா அல்லாஹ். எண்ணெய்ப் பிசுக்கு பாத்திருக்கேன், துரு பாத்திருக்கேன், எறும்புக் கூடுகூட பாத்திருக்கேன். வாசனையா ஒரு மீட்டர் இப்பதாண்ணே பாக்குறேன். சந்தனம்!"

எனக்குப் புரிந்துவிட்டது. ஆயுத பூஜைக்கு எங்கள் வீட்டில் அரிவாள்மணையிலிருந்து மிக்ஸி வரை அம்மாவின் சந்தனத்துக்குத் தப்பியது எதுவுமில்லை. அன்றைக்கு மீட்டர் கண்ணாடியில் தாராளமாக அப்பியிருக்கிறாள். அது விரிசல் வழியாக உள்ளே வழிந்திருக்கிறது; ஓடும்போது நாற்பதில் காய்ந்து பிடித்துக்கொண்டது. அப்பாவின் அத்தனை வருஷச் சுதந்திரமும் அம்மா தன் கையால் பூசிக் கொடுத்தது. நான் கடை வாசலில் நின்று கண்ணில் நீர் வரச் சிரித்தேன்.

அப்பா சிரிக்கவில்லை. குரலைத் தாழ்த்தி, "பாய், எஃப்.சி. அன்னிக்கு மட்டும் ஓடணும். அப்புறம் பழையபடி நாப்பதுலயே நிக்கணும். முடியுமா?" என்றார்.

பாய் ஊசியைக் கீழே வைத்தார். "கிலோமீட்டர கொறச்சுக் காட்டுன்னு கேட்டவங்க உண்டு. அது ஹராம்னு அனுப்பிச்சிருக்கேன். ஒரே எடத்துல நிக்கணும்னு கேட்ட மொத ஆளு நீங்கதாண்ணே. நிக்க வெக்கிறதுக்கு நான் எதுக்கு? உங்க வூட்டு சந்தனமே போதுமே."

மறுநாள் காலை ஷெட்டில் அப்பா மீட்டரை மாட்டி முடித்தார். முள் சைபரில் நின்றது. அதை அங்கே பார்க்க எனக்கே என்னவோபோல் இருந்தது. திரும்பினால் அம்மா, கையில் கூடையோடு, தலையில் பூவோடு.

"ஓட்டிப் பாக்கணும்ல? அரியலூருக்கே போவோம். அங்க என் தங்கச்சிக்குப் போன் பண்ணி சமைக்கச் சொல்லிட்டேன்."

அப்பா அவசரமாகப் பின் கதவைத் திறந்தார். "நீ பின்னால உக்காரு, காத்து நல்லா வரும்" என்றார். "எந்தக் காலத்துல நான் பின்னால உக்காந்திருக்கேன்?" என்று அம்மா முன் கதவைத் திறந்தாள். "வெயில் அடிக்குது" என்று மீட்டர் மேல் துண்டைப் போட்டார். அம்மா அதை எடுத்து மடித்துக் கூடையில் வைத்தாள். கடைசியாக, "இனிமே முள் ஆடும். ஆனா பூட்டு உள்ளதான் இருக்கு, நாப்பதைத் தாண்டாது" என்றார். சாமி கண்ணைக் குத்தப்போகும் நாள் இன்றுதான் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பின் சீட்டில் நான் முந்தானையைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

ஊரைத் தாண்டினோம். முள் இருபதுக்கு வந்தது. முப்பது. அப்பா நெற்றியைத் துடைத்துக்கொண்டார். கார் பழைய ஆட்டத்தை ஆட ஆரம்பித்தது, கதவுக் கண்ணாடி கடகடத்தது, கியர் பக்கமிருந்து அந்த உறுமல் வந்தது. அவர் எண்பது, தொண்ணூறு என்று சொன்ன சத்தம் எல்லாம் அப்படியே இருந்தது.

முள் முப்பத்தைந்தில் நின்றது.

அப்பா மீட்டர் கண்ணாடியைத் தட்டினார். முள் நடுங்கிவிட்டு முப்பத்தைந்துக்கே வந்தது. "பாய் சரியா பாக்கல" என்று முணுமுணுத்தார். நான் போனில் வேகத்தைப் பார்த்தேன். அதுவும் முப்பத்தைந்து என்றது. புல்லுக்கட்டு வைத்த ஒரு மொபெட் எங்களை முந்திப்போனது. அவர் அதை ஒன்றும் திட்டவில்லை.

எனக்குச் சிரிப்பு வரவேண்டும். வரவில்லை. அவர் பின்கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னங்க, இன்னிக்கு ஏன் இப்படி உருட்டுறீங்க?" என்றாள் அம்மா. "எப்பவும் போற நாப்பதுல போங்களேன். அவ சோத்த வெச்சிக்கிட்டு உக்காந்திருப்பா."

அப்பாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. அழுத்தினார். முள் நாற்பதுக்கு ஏறியது. நிஜமான நாற்பது. பின்னாலிருந்து ஒரு லாரி ஹாரன் அடித்தது. ஸ்டியரிங்கைப் பிடித்த அவர் கைகளில் நரம்பு புடைத்தது. மூச்சு விடுகிறாரா என்றே தெரியவில்லை. லாரி ஒதுங்கிக் கடந்ததும் அவர் கால் தானாக மேலே வந்துவிட்டது. முள் மெல்ல இறங்கி முப்பதுக்கு வந்தது.

முதல்முறையாக அம்மா முள்ளை விட்டுவிட்டு அவரைப் பார்த்தாள். கூடையிலிருந்து துண்டை எடுத்து அவர் கழுத்து வேர்வையை ஒற்றினாள்.

"பயமா இருந்தா முப்பதுலயே போங்க. சாமிகிட்ட நாப்பதுன்னு கேட்டது நான்தான? முப்பதுன்னு மாத்திச் சொல்லிக்கிறேன்."

"பயமா? எனக்கா?" என்றார் அப்பா.

அரியலூர் வரும்வரை முள் முப்பதைவிட்டு அசையவில்லை.