ஐந்தாவது புள்ளி

பூந்தமல்லியில் பை தைத்து விற்கும் அஸ்கரின் மனைவி ஷாகிதா, முப்பத்தெட்டு வயதுக் கணக்கு டீச்சர். மூன்று ஆண்டுகளாகப் பள்ளி விட்டதும் வேலப்பன்சாவடியில் உள்ள கல்லூரிக்கு ஓடி, கணிதத்தில் முனைவர் பட்டத்துக்குப் படிக்கிறாள். நான்கு பாடத் தேர்வுகளையும் தாண்டிவிட்டாள். மிச்சம் வைவா, குழுவின் முன் நின்று தன் ஆய்வை விளக்க வேண்டும். முதல் முறை பயத்தில் வாயே திறக்காமல் தோற்றாள். இன்று கடைசி வாய்ப்பு. தவறினால் பதிவே ரத்து.

கல்லூரி வாசலில் அஸ்கர் ஸ்கூட்டரை நிறுத்தினான்.

"இன்னா, கை இப்டி ஆடுது? உன் கிளாஸ் பசங்க பாத்தா சிரிப்பானுங்க."

"நீங்க போயி கடையத் தொறங்க."

"கடை எங்க ஓடப்போவுது? நான் இங்கதான் கீறேன்."

உள்ளே, குழுவின் தலைவர் பேராசிரியர் ஜேம்ஸ் தாள்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் வழிகாட்டி நிஷா, ஷாகிதாவைவிட நான்கு வயது இளையவர்.

ஷாகிதா பலகையில் ஒரு வளையம் வரைந்து புள்ளிகள் வைத்தாள். அடுத்தடுத்த புள்ளிகளுக்கு ஒரே நிறம் வரக்கூடாது. அதற்கு இரண்டு நிறங்களே போதும் என்பது அவள் வாதம். அவள் நிரூபணத்தின் உயிர் அந்த வரியில்தான் இருந்தது. சிவப்பு, நீலம், சிவப்பு, நீலம், சிவப்பு.

சாக்பீஸ் நின்றது. ஐந்தாவது புள்ளியும் சிவப்பு, அதை ஒட்டிய முதல் புள்ளியும் சிவப்பு.

நோட்டுகளில் எப்போதும் ஆறு புள்ளிதான் வைப்பாள். காம்பஸால் வட்டத்தை ஆறாகப் பிரிப்பது சுலபம். அது பள்ளிக்கூடப் பழக்கம். இன்று நடுங்கிய கை ஒன்றை விட்டுவிட்டது. மூன்று ஆண்டு உழைப்பு கண்முன் சரிந்தது. யாரும் கவனிக்கவில்லை. இன்னொரு புள்ளி வைத்தால் தப்பிவிடலாம்.

கண்ணீர் முட்டியது. ஆனாலும் குரல் வந்தது.

"சார், என் நிரூபணம் தப்பு."

நிஷா கண்களை மூடிக்கொண்டார்.

"அப்போ முடிச்சுக்கலாமாம்மா?" என்றார் ஜேம்ஸ்.

"இல்ல சார். பத்து நிமிஷம் குடுங்க."

மஞ்சள் சாக்பீஸை எடுத்தாள். ஒற்றைப்படை வளையத்துக்கு மூன்றாவது நிறம் ஒன்று வேண்டும், அது போதும். இறுதி விடையில் ஒரு நிறம் கூடியது, மற்ற வரிகளெல்லாம் அப்படியே நிலைத்தன. அப்படியானால், வளையங்கள் பல பின்னிய வலைகளில் எவற்றுக்கு அந்தக் கூடுதல் நிறம் தேவைப்படாது? அடுத்த வரிக்குத் தாவினாள். திரும்பியபோது குழுவே எழுந்து பலகையருகே வந்திருந்தது.

"போன தடவ பேசவே பேசாதவங்க நீங்கதானா?" என்றார் ஜேம்ஸ்.

"ஆமா சார். அப்போ எல்லாம் சரின்னு நெனச்சிருந்தேன்."

அறை சிரித்தது. பதிவு உறுதியானது. அவள் கடைசியாக எழுப்பிய கேள்வியையே ஆய்வேட்டில் தனி அத்தியாயமாக எழுதச் சொன்னார்கள்.

வாசலுக்கு ஓடிவந்தாள்.

"என்னங்க, நான் எழுதினது தப்பாப் போச்சு."

அஸ்கரின் முகம் வெளிறியது. "பாஸா, இல்லியா? அத்த சொல்லு மொதல்ல."

"பாஸ்."

"தப்புக்கா பாஸ் போட்டாங்க?"

அழுகையும் சிரிப்புமாக ஸ்கூட்டர் சீட்டின் மேல் நோட்டை விரித்து, அவனுக்கு விளக்க ஏழு புள்ளி வைக்கத் தொடங்கினாள் ஷாகிதா.