இரண்டு பேருக்கு மட்டும் இடம்

பணிமனையில் அவருக்கு ‘நிதானம்’ என்று பெயர். இருபத்திரண்டு வருடமாக நகரப் பேருந்து ஓட்டுகிறார். கதவு முழுதாக மூடாமல் வண்டியை ஓர் அங்குலம் நகர்த்த மாட்டார். பின்னால் எவன் ஹாரன் அடித்தாலும் காது கேட்காதவர் போல இருப்பார். ஆனால் இன்னொருவர் ஓட்டும் வண்டியில் மட்டும் ஏறவே மாட்டார். எங்கே போவதென்றாலும் தன் பழைய காரை எடுத்துவிடுவார். “நம்ம வண்டின்னா நிம்மதி” என்று சொல்லிச் சமாளிப்பார். உண்மை வேறு. ஸ்டியரிங் தன் கையில் இல்லாவிட்டால் அவருக்கு மூச்சு முட்டும். கல்யாணமாகிப் பத்தொன்பது வருடமாகியும் இதை மனைவியிடம் சொன்னதில்லை.

மச்சான் விடாப்பிடியாகத் தன் ஊருக்குக் கூப்பிட்டதால்தான் குடும்பத்தோடு விமானம் ஏறினார். போகும்போது ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டுத் தூங்கியே சமாளித்தார். திரும்பும்போது அந்தக் கொடுப்பினை இல்லை. பெரிய மகளின் நர்சிங் நுழைவுத் தேர்வைத் திடீரென்று நான்கு நாள் முன்னுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். மத்தியானம் மூன்று மணிக்குத் தேர்வு. அன்று காலை கிடைத்தது ஒரே வழிதான்: நடுவில் ஓர் ஊரில் இறங்கி வேறு விமானம் மாற வேண்டும். மாறுவதற்கு எழுபது நிமிடம். முதல் விமானம் நாற்பது நிமிடம் தாமதமாகக் கிளம்பியதில் எழுபது முப்பதாகச் சுருங்கியது.

போதாததற்குக் கடைசி வரிசை. விமானம் நின்றதும் எல்லோரும் எழுந்துவிட்டார்கள், ஒருவரும் நகரவில்லை. ஜன்னலோர இருக்கையில், தலை மேலே இடிக்க, பாதி எழுந்த நிலையில் கூனிக்கொண்டு நின்றார் நிதானம். முன்னால் யாரோ ஒருவர் சாவகாசமாகப் பையைத் துழாவிக்கொண்டிருந்தார்.

ஒருவழியாகப் படியிறங்கினால், கீழே பேருந்து. கட்டிடம் வரைக்கும் கொண்டுபோய் விடுமாம். வாசலுக்கு நேராகப் போய் நின்றது. கதவு திறக்கவில்லை.

ஒரு நிமிடம் போனது. இரண்டானது. உள்ளே நிற்கிறவர்களின் மூச்சுக் கண்ணாடியில் படிந்தது. “கதவைத் திறப்பா!” என்று பின்னாலிருந்து ஒரு குரல். கண்ணாடியை யாரோ தட்டினார்கள். பெரிய மகள் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“என்னங்க, நீங்களும் பஸ் ஓட்டுறவர்தானே? போய்ப் பேசுங்களேன்” என்றாள் மனைவி.

கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் போனார். டிரைவர் ஏறக்குறைய அவர் வயதுக்காரர்.

“அண்ணே, கதவு?”

“உள்ளேருந்து சொல்லணும் சார். அந்தப் பக்கம் வேற விமானத்து ஆளுங்க வந்துட்டிருக்காங்க. ரெண்டு கூட்டமும் கலந்துடக் கூடாதாம்.”

“எவ்வளவு நேரம் ஆகும்?”

“அவங்க சொன்னாத்தான் தெரியும்.”

கதவுக்கு மேலே சின்னச் சிவப்புப் பெட்டி இருந்தது. அதற்குள் அவசரத்துக்கான ஒரு கைப்பிடி. கீழே இழுத்தால் கதவு தானாகத் திறக்கும். கண்ணைக் கட்டிவிட்டாலும் அவர் இழுப்பார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவரை அறியாமலே கை மேலே போனது.

டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டார். “வேணாம் சார். அப்புறம் என் தலைதான் உருளும்.”

நிதானம் கையை இறக்கிக்கொண்டார். அவரும் எத்தனையோ பேரிடம் இதே குரலில் இதையே சொன்னவர்தான். கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். ஆறு வயதுச் சின்னவள் கால்களுக்கிடையே புகுந்து வந்து அவர் பேண்ட்டை இழுத்தாள்.

“அப்பா, உன் பஸ்ல கதவு தெறக்கும்ல?”

“தெறக்கும்மா.”

“இதுல?”

பதினோரு நிமிடம் கழித்துத்தான் கதவு திறந்தது.

ஓடினார்கள். சின்னவளைத் தோளில் தூக்கிப் போட்டுக்கொண்டு அவர், கைப்பையை மார்போடு அணைத்தபடி மனைவி, எல்லோருக்கும் முன்னால் பெரியவள். விமான வாசலுக்கு மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தபோது, மேசைக்குப் பின்னால் இருந்த பெண் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“நீங்க வரலேன்னு உங்க சீட்டைக் காத்திருந்தவங்களுக்குக் குடுத்துட்டோம்மா.”

“அய்யோ, இவளுக்கு மூணு மணிக்குப் பரீட்சைம்மா!” மனைவியின் குரல் உடைந்துவிட்டது.

அந்தப் பெண் பெரியவளின் முகத்தைப் பார்த்தாள். போனை எடுத்து யாரிடமோ பேசினாள். “ரெண்டு சீட் இன்னும் யாருக்கும் குடுக்கல. ரெண்டு பேர் மட்டும் போகலாம். இப்பவே முடிவு பண்ணுங்க. மத்தவங்களுக்கு அஞ்சு மணி விமானம்.”

“நீங்க அவளோட போங்க. நான் சின்னதைப் பாத்துக்கறேன்” என்றாள் மனைவி.

“இல்ல, நீ போ.” வாயிலிருந்து சொல் தெறித்து விழுந்தது. “நீ பக்கத்துல இருந்தாத்தான் அவ தைரியமா எழுதுவா.”

மனைவி அவர் கையை ஒரு கணம் இறுக்கிப் பிடித்துவிட்டு மகளோடு உள்ளே ஓடினாள். மேசைப் பெண் அவரை மரியாதையோடு பார்த்தாள். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. விட்டுக்கொடுத்த தகப்பன் என்றல்லவா நினைக்கிறாள்! இன்னொரு முறை அந்த விமானக் கூட்டுக்குள் இப்போதே போய் உட்கார அவருக்கு உடம்பில் தெம்பில்லை, அவ்வளவுதான் விஷயம்.

அதற்குப் பிறகு ஆறே முக்கால் மணி நேரம். திறக்க முடியாத ஜன்னல்கள், எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி நாற்காலிகள். வெளியே விட மாட்டார்கள்; உள்ளே ஏற இன்னும் நேரமாகவில்லை. சின்னவள் தூங்கி எழுந்து, அழுது, பிஸ்கட் தின்று, மறுபடி அழுதாள். இரண்டே முக்காலுக்குப் போன் வந்தது. பெரியவள் தேர்வறைக்குள் போய்விட்டாளாம்.

ஐந்து மணிக்குக் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினார். கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் பிடியை இறுக்கினார். “அப்பா, கையை நசுக்காதே” என்றாள் சின்னவள். இறங்கும் வரை அவள் அதை ஏழெட்டுத் தடவை சொல்ல வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். விட்டுக்கொடுக்கவில்லை, பயந்துதான் நின்றேன் என்றார். அவள் பையிலிருந்து துணிகளை எடுத்து வைத்துக்கொண்டே கேட்டாள்.

“எனக்குத் தெரியாதுன்னு நெனச்சீங்களா? அதனாலதானே உங்களைப் போகச் சொன்னேன். பறக்குறது ஒன்றரை மணி நேரத்துல முடிஞ்சிருக்கும். அங்கேயே நாள் பூரா கெடந்து தவிச்சீங்க.”

அவர் கட்டிலில் உட்கார்ந்து, அவள் எடுத்து வைத்த துணிகளை மடிக்கத் தொடங்கினார்.