கோட்டைக்குள் ஏது விறகு?

இணையத்தில் வரும் அந்த மாயாஜாலத் தொடர்கதையின் ஆறாம் பாகம் வெளிவந்த நாட்களில் என்னைப் பார்த்தவர்கள் நான் ஒரு கதைப் பைத்தியம் என்றுதான் நினைத்திருப்பார்கள். பட்டாபிராமில் ரயில் ஏறியதும் போனை எடுப்பேன். அம்பத்தூரில் இறங்கும்வரை தலை நிமிர மாட்டேன். நான் படித்தது கதையை அல்ல, கதைக்குக் கீழே வாசகர்கள் போட்டுக்கொண்ட சண்டையை. அந்தக் கூட்டத்துக்குள் எங்கேயாவது என் தம்பி இருக்கிறானா என்று தேடிக்கொண்டிருந்தேன்.

அவன் வீட்டைவிட்டுப் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. உயிரோடு இருக்கிறானா என்பதுகூட எங்களுக்குத் தெரியாது.

என் பிறந்த வீடு பூந்தமல்லியில். அத்தா கல்யாண பிரியாணி மாஸ்டர். அடுப்புப் புகையில் வளர்ந்த பிள்ளைகள் மாயாஜாலக் கதை படித்தால் எப்படி இருக்கும்? ஊரே பறக்கும் நாகத்தைப் பார்த்து வாயைப் பிளக்கும்போது நானும் தம்பியும் படையின் சமையற்கட்டைத் தேடுவோம். பாலைவனத்தைக் கடந்து ஒரு சேனை போனால் அவனுக்கு ஒரே கேள்விதான். "யக்கா, இத்தினி பேருக்கு சோறாக்க வெறகு யாரு தூக்கிகினு வந்தா?" ஒவ்வொரு பாகத்துக்கும் கீழே இப்படி ஏதாவது எழுதி வைப்பான். யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். அவனும் விட மாட்டான்.

ஐந்தாம் பாகம் வந்த அன்று ஆவடியில் ஒரு கல்யாணம். பிரியாணி தேக்சாவை மூடி, மேலே நெருப்புக் கங்கு கொட்டித் தம் போட்டுவிட்டு, அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து போனில் படித்துக்கொண்டிருந்தான். மூடியைத் திறந்தால் அடி பிடித்த நாற்றம். அத்தா அத்தனை வேலையாட்கள் முன்னால் போனைப் பிடுங்கிக் கங்கில் எறிந்தார். தம்பி எழுந்தான். கையைக் கழுவிக்கொண்டு மண்டபத்தைவிட்டு வெளியே போனான். வீட்டுக்கு வந்துவிடுவான் என்று அம்மா சோறு எடுத்து வைத்திருந்தாள்.

போலீஸில் எழுதிக் கொடுத்தோம். சேக்காளிகள் வீடுகளுக்கெல்லாம் அலைந்தோம். அத்தா மட்டும் அவனைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவர் மேல் எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பெற்ற பிள்ளையைவிட ஒரு தேக்சா சோறு உசத்தியாகப் போய்விட்டதா என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

ஆறாம் பாகத்தில் எதிரிகள் கோட்டையைச் சூழ்ந்துகொள்கிறார்கள். அரசி ஊர் முழுவதற்கும் கடைசியாக ஒரு விருந்து வைத்துவிட்டு, விடிந்ததும் தானே கதவைத் திறந்து விடுகிறாள். அவ்வளவுதான், வாசகர்கள் இரண்டாகப் பிரிந்துவிட்டார்கள். ஐந்து பாகம் வளர்த்த வீரத்தை மண்ணில் போட்டுவிட்டார் ஆசிரியர் என்று ஒரு கட்சி. ஜனங்களைக் காப்பாற்றியவள்தான் அரசி, இதுதான் இருப்பதிலேயே உயர்ந்த பாகம் என்று இன்னொரு கட்சி. இனி படிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தவர்கள் மறுநாளும் வந்து திட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அரசி வாழ்ந்தால் எனக்கென்ன, செத்தால் எனக்கென்ன? ஓரமாகப் போங்களேன், என் தம்பியைப் பார்க்க வேண்டும்.

யாரோ ஒருவர் விருந்தைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தார். தம்பியாக இருக்குமோ என்று அவருக்குத் தனியாக எழுதினேன். திருநெல்வேலியில் வாத்தியாராம். தம்பி கிடைக்கட்டும் என்று துஆ செய்வதாகச் சொன்னார், பாவம்.

கடைசியில் நானே தூண்டில் போட்டேன். அந்த விருந்துக்கு விறகு இல்லாமல், அரண்மனைக் கதவையும் ஜன்னலையும் உடைத்து எரித்தார்கள் என்று கதையில் ஒரு வரி வரும். அதைப் பிடித்துக்கொண்டேன். என் பெயரைப் பார்த்தால் ஒதுங்கிவிடுவான் என்று வேறு பெயரில் எழுதினேன்: "கதவுப் பலகையே போதும். அதில் தாராளமாகத் தம் போடலாம்." சுத்த அபத்தம். எங்கள் வீட்டுப் பிள்ளை எதைப் பொறுத்தாலும் இதைப் பொறுக்க மாட்டான்.

இரண்டு கட்சியும் சேர்ந்து என்னைக் கிழித்தன. அரசியின் மானம் போகிறது, உனக்குச் சோறு கேட்கிறதா என்றார் ஒருவர்.

ஒரு நாள் மத்தியானம், ஆபீஸில் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கும்போது ஒரு பதில் வந்தது. படம் இல்லை, பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'வாசகர்' என்று மட்டும். "பலகை திகுதிகுன்னு எரிஞ்சி சாம்பலா பூடும். கங்கு நிக்காது. கங்கு இல்லாம மூடி மேல இன்னாத்த கொட்டுவே? உனக்குத் தெரியாததா?"

அழுதுவிட்டேன். திரும்ப எழுதினால் ஓடிவிடுவானோ என்று பயம். லீவு சொல்லிவிட்டு, வீட்டில் நேரில் சொல்ல ரயிலில் ஆவடி போய், பூந்தமல்லி பஸ்ஸைப் பிடித்தேன். பாரிவாக்கத்தில் பஸ் நின்றுவிட்டது. இறங்கி ஓடிவிடலாமா என்றிருந்தது.

வீட்டு வாசலில் தேக்சாக்களைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அவற்றின் பக்கத்தில் அத்தா போனும் கையுமாக உட்கார்ந்திருந்தார். அந்த முகத்தில் சிரிப்பைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று. நான் வாயைத் திறப்பதற்குள் அவர் சொல்லிவிட்டார்.

"வாம்மா. உன் தம்பி உசுரோட கீறான்மா. பேசிட்டான்."

போனை நீட்டினார். நான் எழுதிய வரி அதில் இருந்தது. அதன் கீழே நான் படித்து அழுத அதே பதில், அவர் எழுதியது.

ஆறு பாகத்தையும் எழுத்துக் கூட்டிப் படித்திருக்கிறார். எனக்குத் தெரியாமல், அம்மாவுக்கும் தெரியாமல், அதே சண்டைக்குள் அதே பிள்ளையை அவரும் தேடியிருக்கிறார். அடுப்படியில் அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். கறி வாங்கியாகிவிட்டது. சொல்லாமலே இருந்துவிடலாமா என்று நினைத்தேன். இருந்தால் எத்தனை நாளைக்கு? அந்த வரியை எழுதிய பெயர் தெரியும்படி என் போனைத் திறந்து அவர் போன் பக்கத்தில் வைத்தேன்.

இரண்டு போனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நீயாமா?"

"ஆமாத்தா."

"எனக்கும் தோணிச்சிமா, அவன் தப்பா சொல்ல மாட்டானேன்னு. என்கிட்ட வாயக் குடுக்கத்தான் வேணும்னே சொல்றான்னு நெனச்சிட்டேன்."

தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் மேல் சேர்த்து வைத்திருந்த கோபத்தை நான் என்ன செய்வது? பக்கத்தில் உட்கார்ந்து நானும் அழுதேன். என் வரியை அழிக்கப் போனபோது கையைப் பிடித்தார்.

"அழிக்காதே. இருக்கட்டும். அவன் பாத்தா சும்மா போவ மாட்டான்."

பதில் சேரச் சேரத்தான் அது மேலே நிற்கும். அதனால் தினமும் நாங்கள் இருவரும் முன்பின் தெரியாதவர்களைப் போல அங்கே சண்டை போடுகிறோம். அரசியை விட்டுவிட்டு வாசகர்கள் இப்போது எங்களைப் பற்றி இரண்டு கட்சியாகிவிட்டார்கள். அடுப்பு ஆசாமிகளை வெளியேற்றுங்கள் என்று ஒரு கட்சி, இதுதான் கதையைவிட நன்றாக இருக்கிறது என்று இன்னொன்று. தம்பி மட்டும் வரவில்லை.

இன்று காலை ரயிலில் திறந்தேன். அத்தா புதிதாக ஒன்று எழுதியிருந்தார். "அடி புடிச்சா இன்னா இப்போ? அதுவும் சோறுதான்."

தப்பு என்று யார் யாரோ பதில் போட்டிருந்தார்கள். ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு வந்தேன்.