அம்மாவின் இடுப்புச் சுற்று

கடல் ஊருக்குள் வந்த காலையில் அம்மாவின் நகையும் காணி உறுதிப் பத்திரமும் அலுமாரிக்குள் இருந்தன. அலுமாரி போனது, வீடும் போனது. அதற்குப் பிறகு கையில் சேர்ந்ததையெல்லாம் ஒரு துணிப்பையில் போட்டு, சேலைக்கு உள்ளே இடுப்பில் கட்டிக்கொண்டார். குளிக்கும்போது மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு அவிழ்ப்பார்.

செட்டிபாளையத்தில் எங்களுக்கு முன்னால் கடல், பின்னால் வாவி. வாவிக்கு அப்பால் ஷெல் அடித்த காலத்தில் எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியாமல் கிடந்தோம். அப்போது அந்தப் பையில் ஒரு நியாயம் இருந்தது. சண்டை முடிந்தும் அவிழ்க்காதபோதுதான் எனக்கு எரிச்சல் வந்தது. கேட்டேன்.

"சண்டை முடிஞ்சதெண்டு கடலுக்கு ஆர் சொன்னது?" என்று என் வாயை அடைத்துவிட்டார்.

சீனி வருத்தத்துக்கு மாதாமாதம் கிளினிக் போவார். இடுப்பை அளக்கும்போதும் பையை எடுக்க விடமாட்டார். மல்லுக்கட்டிச் சலித்த நர்ஸ் மிஸி மேலாலேயே நாடாவைப் பிடித்து, இடுப்பு குறையவே இல்லை என்று ஏசுவாள். அந்த ஏச்சுக்குப் பயந்து அம்மா இரவுச் சோற்றை விட்டார். அப்போதும் அளவு இறங்கவில்லை.

வயிற்றுவலி விடாததால் நகரத்து ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாதாம். அம்மா கதவடியிலேயே நின்றுவிட்டார். கடைசியில் பையை அவிழ்த்து, தன் கையாலேயே என் இடுப்பில் கட்டினார். பைக்கு அடியில் பழஞ்சேலைத் துண்டுகள் மடிப்பு மடிப்பாக இருந்தன. பை வரவர இடுப்பில் நிற்காமல் வழுக்குகிறதென்று சுற்றினாராம்.

"நான் வரும்வரைக்கும் அவுக்காத புள்ள."

கதவு சாத்தப்பட்டது. நடையில் சனம் நெருக்கியடித்து நின்றது. முடிச்சு விலாவில் குத்தியது. குனியவும் முடியவில்லை, மூச்சை முழுதாக இழுக்கவும் முடியவில்லை. இதற்குள்ளேதான் அம்மா இத்தனை வருடமாக நித்திரை கொண்டாரா? அவர் மேல் கோபம் வந்தது, அழுகையும் வந்தது.

டொக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். திரையில் அம்மாவைக் குறுக்காக வெட்டினாற்போல ஒரு வட்டம். அதன் விளிம்போடு கோடு இழுத்து, இதுதான் உண்மையான இடுப்பு என்று காட்டினார். மிஸியின் அளவைவிட ஒரு சாணுக்குக் கிட்டக் குறைவு. இவ்வளவு மெலியும்வரை வீட்டில் யாரும் பார்க்கவில்லையா என்று கேட்டார்.  பிறகு வட்டத்துக்குள் ஓர் இடத்தைத் தொட்டார்.

"கணையத்தில கட்டி. நல்லாப் பிந்திட்டுது."

வெளியே வந்தபோது அம்மா சேலையைச் சரிசெய்துகொண்டு சுவரோர வாங்கில் உட்கார்ந்திருந்தார். டொக்டர் என்ன சொன்னார் என்று கேட்டார். நீங்கள் மெலிந்துவிட்டீர்களாம் என்பதோடு நிறுத்திக்கொண்டேன். எவ்வளவு என்றார். ஒரு சாண் என்றேன்.

அம்மாவின் முகம் மலர்ந்தது.

"அப்ப இனி இரவைக்கும் சோறு தின்னலாம், என்ன புள்ள?"

"ஓம் அம்மா" என்றேன்.