மைனஸ் போடாத பதினெட்டு

நானூறு வரி இருந்த ஒரு புரோகிராமை எழுபது வரியாகச் சுருக்கினேன். அதில் எங்கள் அலுவலகத்து அக்கா ஒருவருக்கு வேலை போகப் பார்த்தது. சுருக்கியது நான், பேச்சு வாங்கியது அவர். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

தூத்துக்குடி துறைமுகச் சாலையில், ஏற்றுமதியாகும் கன்டெய்னர்களுக்குக் காகித வேலை பார்க்கும் சின்ன அலுவலகம் எங்களுடையது. கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்ட எதுவானாலும் என் தலையில்தான் விழும், பிரிண்டரில் தாள் சிக்குவது உட்பட. குளிரூட்டிய கன்டெய்னர்கள் எல்லாம் அக்காவின் பொறுப்பு. மீன் கம்பெனியிலிருந்து பெட்டி கிளம்பியதும் அதன் எண், ஏறப்போகும் கப்பல், வைக்க வேண்டிய வெப்பநிலை மூன்றையும் ஒரு ஃபைலாக்கித் துறைமுக யார்டுக்கு அனுப்புவார். பெட்டி உள்ளே போனதும் யார்டில் கரன்ட் கொடுத்து, எங்கள் ஃபைலில் என்ன வெப்பநிலை இருக்கிறதோ அதையே வைப்பார்கள்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் இதற்கு ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். பட்டன், படம் எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் ஒரே வரியாகக் கட்டளை அடிக்க வேண்டும். மற்றவர்கள் பார்த்ததும் பின்வாங்கிவிட்டார்கள். அக்காவுக்கு மட்டும் பிடித்துப் போனது. மேல் அம்புக்குறியை அழுத்தினால் முந்தின வரி திரும்ப வரும், பெட்டி எண்ணை மட்டும் மாற்றினால் போதும். பத்துப் பெட்டிகளை டீ வருவதற்குள் முடித்துவிட்டு, மவுசைப் பிடித்துக்கொண்டு மல்லுக்கட்டும் மற்றவர்களை ஒரு பார்வை பார்ப்பார்.

வெளியே அப்படி. உள்ளே நான் எழுதியிருந்தது சகிக்காது. அடித்த வரியைத் துண்டு துண்டாக வெட்டி, இது எண், இது கப்பல் என்று நானே கையால் பிரித்திருந்தேன். யாராவது புதிதாக ஏதாவது கேட்டால், 'இப்படி வந்தால் அப்படிச் செய்' என்று இன்னும் நாலு வரி சேரும். சில வருடங்களில் அது கல்யாண வீட்டுச் சமையல்கட்டு போல ஆகிவிட்டது. எங்கே கால் வைத்தாலும் ஒரு பாத்திரம் இடறியது.

இந்த வருடம்தான், இந்தப் பிரிக்கிற வேலைக்கென்றே யாரோ புண்ணியவான்கள் எழுதி இலவசமாக வைத்திருக்கும் ஒரு லைப்ரரியை, அதாவது ஆயத்தப் புரோகிராம் தொகுப்பை, எடுத்தேன். என்னென்ன வேண்டும், அது எண்ணா எழுத்தா, கட்டாயமா இல்லையா என்று ஒவ்வொன்றையும் ஒரு வரியில் சொல்லிவிட்டால் போதும். விடுபட்டதை அதுவே கேட்கும். எண் வர வேண்டிய இடத்தில் எழுத்து வந்தால் அதுவே தடுக்கும். எப்படிப் பயன்படுத்துவது என்ற உதவிக் குறிப்பையும் அதுவே தயாரித்துக்கொள்ளும். நான் பழைய வரிகளை அள்ளி அள்ளிப் போட்டேன். அவ்வளவு சந்தோஷமாக அந்த அலுவலகத்தில் வேறு எந்த வேலையும் நான் செய்ததில்லை.

புதியதை அக்காவிடம் காட்டினேன்.

“இதென்ன தம்பி, கேள்வி கேக்குது?”

“ஆமாக்கா. நீங்க வரிசைய ஞாபகம் வச்சிக்கிட வேண்டாம். அது ஒண்ணொண்ணா கேக்கும், நீங்க பதில மட்டும் அடிங்க.”

“மத்ததெல்லாம் பழையபடிதானா?”

“எல்லாம் பழையபடிதான்.”

இந்த இடத்தில் எங்கள் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். உறைய வைத்த இறாலை மைனஸ் பதினெட்டு டிகிரியில் அனுப்ப வேண்டும். ஆனால் எங்களில் யாரும் மைனஸ் என்று வாயால் சொல்ல மாட்டோம். கம்பெனிக்காரர் போனில் சொல்வது பதினெட்டு. டிரைவர் சொல்வது பதினெட்டு. இறால் என்றால் மைனஸ்தான் என்று எல்லோருக்கும் தெரிந்த பிறகு அதை எதற்குச் சொல்ல வேண்டும்? மைனஸ் பதினெட்டு என்று ஒருவர் நிறுத்திச் சொன்னால், தொழிலுக்குப் புதுசு என்று அர்த்தம்.

புதிய புரோகிராம் வந்த மூன்றாம் நாள்தான் அதில் முதன்முதலாக இறால் பெட்டிகள் போயின. அன்று மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் யார்டிலிருந்து போன் வந்தது. குளிர்ப்பெட்டிகளைச் சுற்றிப் பார்க்கும் டெக்னீஷியன் பேசினார்.

“காலையில வந்த உங்க ரெண்டு பெட்டிக்கும் பிளஸ் பதினெட்டு போட்டிருக்கு. உள்ள இருக்கது எறாலா, வாழைக்காயா?”

இறால்தான். உடனே மைனஸுக்கு மாற்றச் சொன்னோம். ஆனால் அதற்குள் இரண்டு மூன்று மணி நேரம் போயிருந்தது. இறால் இளகியிருந்தால் பெட்டி கப்பலேறாது. மறுநாள் சரக்கைச் சோதிக்கும் சர்வேயர் வந்து திறந்து பார்ப்பது என்று முடிவானது.

எங்கள் முதலாளியை எல்லோரும் அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். அவர் அக்காவின் மேசை முன்னால் வந்து நின்றார். நான் அக்காவின் நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன்.

“ஏம்மா, இருவது வருசமா இதே வேலதான பாக்கீங்க? எறாலுக்கு மைனஸ்னு தெரியாதா?”

“மைனஸ் நான் எப்பவும் போடுதது இல்ல அண்ணாச்சி.”

அண்ணாச்சிக்கு முகம் சிவந்துவிட்டது. “செய்யிறதையும் செஞ்சிட்டு இப்படி வேற பேசுதீங்களா? நாளைக்கு சர்வேயர் வரட்டும். எறால் போச்சுன்னா நீங்களும் கெளம்பிர வேண்டியதுதான்.” என் பக்கம் திரும்பினார். “ஏலே, உன் புரோகிராம்ல எதும் கோளாறா?”

“இல்ல அண்ணாச்சி. என்ன அடிச்சாங்களோ அதுதான் போயிருக்கு.”

நான் பொய் சொல்லவில்லை. அப்போது அதை உண்மையென்றே நம்பினேன். அக்கா என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு சாப்பாட்டு டப்பாவை மூடிப் பைக்குள் வைத்துவிட்டு, மீதி வேலையைப் பார்க்க ஆரம்பித்தார்.

என் புரோகிராம் சரி என்று எனக்கே நிரூபித்துக்கொள்ளத்தான் அன்று சாயங்காலம் பழைய புரோகிராமையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நீக்கிய வரிகள் சிவப்பில் தெரிந்தன. அதில் இரண்டு வரி: வெப்பநிலை பதினெட்டோ அதற்கு மேலோ வந்தால் முன்னால் மைனஸ் சேர். நீக்கும்போது நான் எழுதி வைத்திருந்த குறிப்பு: 'குப்பை நீக்கம்'.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. பழைய புரோகிராம் வந்த முதல் வாரத்தில் அக்கா ஒழுங்காக மைனஸ் போட்டுத்தான் அடித்தார். மைனஸ் மாதிரி சின்னக் கோட்டில் தொடங்கும் எதையும் வேறொரு கட்டளை என்று எடுத்துக்கொண்டு என் புரோகிராம் திட்டியது. சரி செய்யச் சோம்பல்பட்டு, “மைனஸ் போடாதீங்கக்கா, நான் உள்ள பாத்துக்கிடுதேன்” என்று சொன்னவன் நான். அவர் அதை மறக்கவில்லை. நான் உள்ளேயும் பார்க்கவில்லை.

உடனே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இறால் நன்றாக இருந்துவிட்டால் யாருக்கும் ஒன்றும் ஆகாது, பிறகு எதற்குச் சொல்வது என்று கணக்குப் போட்டேன். எனக்கு வேலை போய்விடுமோ என்ற பயம்தான், வேறொன்றும் இல்லை.

மறுநாள் மத்தியானம் சர்வேயர் போன் செய்தார். கார்ட்டன்களைக் குத்தி அளந்ததில், நெருக்கி அடைத்திருந்ததால் இறால் கல் போல இருக்கிறதாம், இளகவே இல்லையாம். அண்ணாச்சி அக்காவிடம், “தப்பிச்சீங்க. இனிமேலாவது கண்ணத் தொறந்து வேல பாருங்க” என்றார். அக்கா தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டலை என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

“அண்ணாச்சி, தப்பு என்னோடது” என்று எல்லோர் முன்னாலும் முழுக்கதையையும் சொன்னேன். மைனஸ் போட வேண்டாம் என்று சொன்னதையும், அந்த இரண்டு வரியை அழித்ததையும் சொன்னேன்.

அண்ணாச்சி கையை அசைத்தார். “சரி விடுலே. எறாலுக்குத்தான் ஒண்ணும் ஆகலையே. பாத்துச் செய்” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அக்காவுக்கு ஒரு நாள் முழுக்க நீடித்தது எனக்கு அரை நிமிடத்தில் முடிந்தது.

அந்த இரண்டு வரியைத் திரும்பச் சேர்த்தேன். அதற்கு மேலே, யாருக்காக, ஏன் என்று மூன்று வரிக் குறிப்பும் எழுதினேன். இப்போது பதினெட்டு என்று அடித்தால், மைனஸ் பதினெட்டுதானே என்று லைப்ரரி ஒரு தடவை கேட்டுக்கொள்ளும். அதற்கும் ஒரே வரிதான் ஆனது.

சரிசெய்ததைக் காட்ட அக்காவின் மேசைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டுவிட்டு, “நேத்தே நீங்க சொல்லிருக்கலாம்லாக்கா, நான்தான் மைனஸ் வேண்டாம்னேன்னு” என்றேன்.

அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “சொன்னேம்லா, மைனஸ் நான் எப்பவும் போடுதது இல்லன்னு” என்றார். “அண்ணாச்சிக்கு இதுல என்ன தெரியும் தம்பி? பக்கத்துல நின்ன உங்களுக்குத்தான் சொன்னேன்.”