முதல் வாளித் தண்ணீர்

1. முனியம்மா அக்காவின் புகார்

ஜப்பான்காரன் வந்த இரண்டாவது வருடம். மலாயாவின் கெடா மாநிலத்தில், பீடோங் பக்கத்துச் சிறு பட்டணம் ஒன்றின் தண்ணீர் ஆபீசில் நான் பைப் ஃபிட்டராக இருந்தேன். வெள்ளைக்கார இன்ஜினீயர் ஓடிப்போய்விட்டார். மிஞ்சியவர்கள் மூன்று பேர்: ஓவர்சியர் சாமுவேல், வால்வு திறக்கும் ஹாசான், நான். ஜாயிண்ட்டுக்கு ஈயம் கிடையாது. புதுப் பைப் என்ற பேச்சே கிடையாது. ஆனாலும் பட்டணத்துக்குத் தண்ணீர் ஒருநாள்கூட நின்றதில்லை. அதில் எங்களுக்குக் கொஞ்சம் கர்வம்.

குன்றின் மேலிருந்த தொட்டித் தண்ணீரில் பெரும்பங்கு ஜப்பான் முகாமுக்குப் போகும். வீடுகளுக்குக் காலையில் இரண்டு மணி நேரம்தான். பிறகு ஹாசான் வால்வை மூடிவிடுவார்.

ஒரு திங்கட்கிழமை முனியம்மா அக்கா ஆபீசுக்கு வந்தார். புருஷனைச் சயாம் ரயில் வேலைக்குப் பிடித்துப் போனபின் மாமனாரோடும் மகளோடும் ரப்பர் தோட்டத்தை விட்டு வந்து, மரவள்ளி அவித்து விற்றுப் பிழைத்தவர்.

“தம்பி, காலையில மொத வாளித் தண்ணி லோங்காங் மாதிரி நாறுது. ரெண்டாவது வாளி நல்லாத்தான் இருக்கு. எங்க லோரோங்ல நாலு வீட்டுல வயித்தால போகுது லா. மாமாவுக்கும் மகளுக்கும் முடியல.”

இரவெல்லாம் பைப்பில் தேங்கிய துரு நாற்றம் அது, காய்ச்சிக் குடியுங்கள் என்றேன். துரு ஒருநாளும் லோங்காங், அதாவது சாக்கடை, மாதிரி நாறாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அப்படிச் சொல்லி அனுப்பிவிட்டேன். புகார்ப் புத்தகத்தில்கூட நான் எழுதவில்லை.

வியாழக்கிழமை அவருடைய மாமனார் இறந்துபோனார். பக்கத்துச் சந்தில் வாஷர் மாற்றிக்கொண்டிருந்தபோது பிணம் தூக்கிப் போனார்கள். யார் என்று கேட்டேன். சொன்னார்கள்.

2. லோங்காங்கில் வந்த குமிழி

மறுநாள் வால்வு திறக்கும் முன்பே அந்த லோரோங்குக்கு, அவர்கள் குடியிருந்த சந்துக்கு, போனேன். முனியம்மா அக்கா என்னைப் பார்த்துவிட்டு வாளியைக் குழாயடியில் வைத்தார். குழாய் முதலில் காற்றைக் கக்கியது, பிறகு தண்ணீர் வந்தது. முகர்ந்து பார்த்தேன். சாக்கடையேதான். இரண்டாவது வாளியில் வாடையே இல்லை.

அவர் திங்கட்கிழமை சொன்னதில் எல்லாமே இருந்தது. பைப்பில் ஓட்டை இருந்தால், பிரஷர் உள்ளபோது தண்ணீர் வெளியே போகும். வால்வை மூடியதும் பைப் காலியாகி, வெளியே இருப்பதை உள்ளே இழுக்கும். மறுநாள் காலை அதுதான் முதலில் குழாய்க்கு வரும். அப்படியானால் ஓட்டை ஈரமான இடத்தில் இருக்கிறது. லோரோங் முனையில் பைப் பெரிய லோங்காங்கை, அதன் தண்ணீருக்குள்ளேயே, கடக்கும் இடம் ஒன்றுதான் அப்படிப்பட்டது.

சனிக்கிழமை காலை அந்தச் சாக்கடையில் முழங்கால் ஆழத்தில் இறங்கி நின்றுகொண்டு, வால்வைத் திறக்கும்படி ஹாசானுக்குக் கை காட்டினேன். பைப்பில் இருந்த காற்று முதலில் தள்ளப்படும் அல்லவா? அரை நிமிடத்தில் என் காலடியில் பொக்பொக்கென்று குமிழிகள் வந்தன. கையை விட்டுத் தடவினேன். கட்டைவிரல் நுழையும் ஓட்டை.

3. ஓவர்சியரின் பயம்

அந்த லோங்காங் முகாமின் பின்சுவரை ஒட்டி ஓடியது. அனுமதி இல்லாமல் அங்கே மண்வெட்டி போட முடியாது. முந்தின மாதம் வேறோர் ஊரில், முகாம் பக்கம் பைப் உடைந்திருக்கிறது என்று சொல்லப் போனவனை, நீதான் உடைத்தாய் என்று இரண்டு நாள் வெயிலில் கட்டிப் போட்டிருந்தார்கள்.

ஓவர்சியர் கதவைச் சாத்திவிட்டுத் தாழ்ந்த குரலில் சொன்னார்: “லீக்குன்னு வாயத் தொறக்காதப்பா. அந்த லோரோங் வால்வ மூடிரு. தண்ணி வராதுன்னு சொல்லிருவோம். நம்ம மூணு பேரும் உசுரோட இருக்கணும்.”

அவர் கெட்டவர் அல்ல. ஐந்து பிள்ளைகள். ஆனால் குழாயை மூடினால் அந்தச் சனங்கள் ஆற்றுத் தண்ணீரைத்தான் குடிப்பார்கள். அது இன்னும் மோசம். முகாமுக்கு நான் போகிறேன், உங்களுக்குத் தெரியாது என்று சொல்லிவிடுங்கள் என்றேன்.

அதே லோரோங்கில் ஒரு சீனர், முகாம் சமையலுக்காகத் தவ்கே என்கிற பயறு முளை வளர்த்துக் கொடுத்துவந்தார். அந்தக் குழாய்த் தண்ணீரைத்தான் முளைக்குத் தெளிப்பார். ஞாயிற்றுக்கிழமை முதல் வாளியைப் பிடித்துக்கொண்டு நேராக முகாம் வாசலுக்குப் போனேன்.

அதிகாரி வெளியே வந்தார். மலாயில் பேசும் மொழிபெயர்ப்பாளரிடம் பைப் துருப்பிடித்து ஓட்டையாகிவிட்டது என்றேன். அவர் சொல்லி முடிக்கும் முன்பே அதிகாரியின் கையால் கன்னத்தில் ஓர் அறை விழுந்தது. குனிந்து வணங்கிவிட்டு வாளியை முன்னால் நகர்த்தினேன்.

“துவான், உங்கள் ஆட்கள் தின்கிற தவ்கே இந்தத் தண்ணீரில்தான் வளர்கிறது,” என்று மலாயில் சொன்னேன்.

அதிகாரி குனிந்து முகர்ந்தார். பிறகு சமையல்காரனைக் கூப்பிட்டு முகரச் சொன்னார். இருவரும் ஏதோ பேசினார்கள். கடைசியில் மொழிபெயர்ப்பாளர், நாளை சாயங்காலத்துக்குள் முடி என்றார்.

4. ரப்பர் ஷீட்

ஈயம் இல்லை, பைப் இல்லை. கெடாவில் அப்போது வாங்க ஆளில்லாமல் மலையாகக் கிடந்தது ரப்பர் ஒன்றுதான். தோட்டத்திலிருந்து புகையூட்டிய ஷீட் நாலு கொண்டுவந்தேன். கொல்லர் ஒருவர் பீப்பாய் இரும்பு வளையத்தை வெட்டி இரண்டு அரைவட்டப் பட்டைகள் அடித்துக் கொடுத்தார். துருவைச் சுரண்டி, ரப்பரை நான்கு சுற்றுச் சுற்றி, பட்டையைப் போட்டு போல்ட் முறுக்கினோம். அதோடு விடாமல், இரண்டு பக்கமும் மண்ணைத் தோண்டி, பைப்பை நெம்பித் தூக்கி, சாக்கடைக்கு மேலே செங்கல் கட்டி அதன்மேல் வைத்தோம். இனி அங்கே ஓட்டை விழுந்தாலும் உள்ளே சாக்கடை போகாது. ஆபீசில் மிஞ்சியிருந்த பிளீச்சிங் பவுடரைக் கரைத்து உள்ளே ஊற்றி, ஊறவிட்டு, அலசி விட்டோம். பட்டை போட்ட இடத்தில் ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. ஓவர்சியரும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எங்களோடு சாக்கடையில் இறங்கியிருந்தார்.

பத்து நாளில் லோரோங்கில் வயிற்றுப்போக்கு நின்றது.

முனியம்மா அக்கா வீட்டுக்குப் போனேன். மகள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். குழாயைத் திறந்து காட்டி, இனிமேல் பயமில்லை என்றேன். அவர் தண்ணீரைக் கையில் ஏந்திப் பார்த்தார்.

“நான் சொன்ன அன்னிக்கே வந்து பாத்திருக்கலாமே தம்பி.”

“வந்திருக்கணும் அக்கா. என் தப்புதான்.”

அவர் என்னை உட்காரச் சொல்லி, ஒரு தட்டில் மரவள்ளி வைத்துக் கொடுத்தார். அதைச் சாப்பிடுவது அன்று கன்னத்தில் அறை வாங்கியதைவிடக் கஷ்டமாக இருந்தது.

அதன்பின் முப்பது வருடம் அதே வேலையில் இருந்தேன். தண்ணீர் நாறுகிறது என்று யார் வந்து சொன்னாலும், எந்த நேரத்தில், எத்தனையாவது வாளியில் என்று கேட்டு எழுதிக்கொண்டு, அன்றைக்கே அவர்களோடு கிளம்பிவிடுவேன். பலமுறை அது வெறும் துருவாகத்தான் இருந்தது. அதையும் அவர்கள் வீட்டுக் குழாயடியில் நின்று முகர்ந்து பார்த்த பிறகுதான் சொல்லியிருக்கிறேன்.